சிட்னியில் இரண்டு முதுகுகள்

சிட்னி கிரிக்கெட் மைதானத்தில் ஐம்பத்திரண்டு ஆண்டு இடைவெளியில் நடந்த இரண்டு டெஸ்ட் ஆட்டங்களை அருகருகே வைத்துப் பார்க்கத் தோன்றுகிறது. இரண்டும் ஜனவரி மாதத்தில் நடந்தவை. இரண்டிலும் கடைசி இன்னிங்ஸில் துரத்தப்பட்ட இலக்கு ஏறத்தாழ ஒன்றே. இரண்டிலும் பந்துவீசும் அணியின் தலைசிறந்த வேகப்பந்து வீச்சாளரின் முதுகு பழுதுபட்டிருந்தது.

1973இல் பாகிஸ்தான் வெற்றிக்கு 159 ஓட்டங்கள் எடுக்க வேண்டியிருந்தது. ஆஸ்திரேலியாவின் டென்னிஸ் லில்லிக்கு அப்போது வயது 23. முதுகுவலியால் அவரால் முழு வேகத்தில் ஓடிவர முடியவில்லை. ஆயினும் ஓட்டத்தைக் குறைத்துக்கொண்டு வீசினார், ஓவர் ஓவராக வீசினார், மூன்று விக்கெட்டுகளை எடுத்தார். மறுமுனையில் மாக்ஸ் வாக்கர் 15 ஓட்டங்களுக்கு ஆறு விக்கெட்டுகளைச் சாய்க்க, பாகிஸ்தான் 106இல் சுருண்டது. 2025இல் ஆஸ்திரேலியாவுக்குத் தேவைப்பட்டவை 162 ஓட்டங்கள். இந்திய அணிக்கு அந்த ஆட்டத்தில் தலைமை தாங்கிய ஜஸ்பிரித் பும்ரா இரண்டாம் நாளில் முதுகைப் பிடித்தபடி மைதானத்தை விட்டு வெளியேறியிருந்தார். பரிசோதனைக்குப் போய்வந்தார், மட்டை பிடித்தார், ஆனால் கடைசி இன்னிங்ஸில் ஒரு பந்தும் வீசவில்லை. ஆஸ்திரேலியா ஆறு விக்கெட் வித்தியாசத்தில் வென்று, பத்தாண்டுகளுக்குப் பிறகு பார்டர்–கவாஸ்கர் கோப்பையை மீட்டுக்கொண்டது.

வலியோடு வீசியவர் வென்றார், வீசாமல் நின்றவர் தோற்றார் என்று இதைச் சுருக்கிவிடலாம். தேநீர்க் கடைப் பேச்சில் அப்படித்தான் சுருக்குவோம். ஆனால் இந்த இரண்டு ஜனவரிகளுக்கும் நடுவில் விளையாட்டு வீரரின் காயத்தை மனிதர்கள் புரிந்துகொண்ட விதத்தின் வரலாறு ஒன்று இருக்கிறது. அதன் ஒரு பகுதி சென்னையிலும் நடந்தது.

சிட்னிக்குப் பின் லில்லி மேற்கிந்தியத் தீவுகளுக்குச் சென்றார். அங்கே அவர் ஆடியது கிங்ஸ்டனில் நடந்த ஒரே ஒரு டெஸ்ட். அதில் அவருக்கு விக்கெட் ஏதும் கிடைக்கவில்லை. அவருடைய கீழ்முதுகின் முள்ளெலும்புகளில் அயர்ச்சி முறிவுகள் ஏற்பட்டிருப்பது பின்னர் தெரியவந்தது. ஸ்ட்ரெஸ் ஃபிராக்சர் என்று இன்று விளையாட்டுப் பக்கங்களில் அடிக்கடி படிக்கிறோமே, அதுதான்.

விழுந்து எலும்பு உடைவது வேறு, இது வேறு. இங்கே எந்த ஒரு கணத்திலும் எலும்பு உடைவதில்லை. வேகப்பந்து வீச்சாளரின் முன்கால் தரையில் ஊன்றும்போது, அவருடைய எடையைப் போலப் பல மடங்கு விசை காலின் வழியாக இடுப்புக்கும் முதுகுக்கும் ஏறுகிறது. அதே நொடியில் முதுகு பின்னால் வளைந்து, ஒரு பக்கமாகச் சாய்ந்து, முறுக்கவும் படுகிறது. முள்ளெலும்பின் பின்புற வளைவில் உள்ள மெல்லிய எலும்புப் பாலம் இந்த மூன்றையும் ஒருசேரத் தாங்க வேண்டும். வலக்கை வீச்சாளர்களுக்குப் பெரும்பாலும் இடப்பக்கத்தில்தான் விரிசல் விழுகிறது. ஒவ்வொரு பந்தும் கண்ணுக்குத் தெரியாத ஒரு சிறு சேதத்தை விட்டுச் செல்கிறது. உடல் அதை அன்றாடம் பழுதுபார்க்கிறது. சேதத்தின் வேகம் பழுதுபார்ப்பின் வேகத்தை மிஞ்சும்போது எலும்பு விரிகிறது. வட்டியைக் கூடக் கட்ட முடியாமல் போகும் கடன்காரனின் நிலை அது.

லில்லியின் உடலைச் சுற்றி மாவுக்கட்டு போடப்பட்டது. ஆறு வாரங்கள் அவர் அந்தக் கூட்டுக்குள் இருந்தார். இந்தச் சிகிச்சைக்கு நீண்ட மரபு உண்டு. பத்தொன்பதாம் நூற்றாண்டில் லிவர்பூலில் வாழ்ந்த ஹியூ ஓவன் தாமஸ், காயம்பட்ட எலும்பும் மூட்டும் குணமாக வேண்டுமானால் இடைவிடாத, நீண்ட ஓய்வு கட்டாயம் என்று வலியுறுத்தியவர். வேல்ஸ் நாட்டின் பரம்பரை எலும்பு வைத்தியக் குடும்பத்தில் பிறந்தவர் அவர். நம்மூர் எலும்பு முறிவு வைத்தியசாலைகளின் மூங்கில் பத்தைகளை அறிந்தவர்களுக்கு அந்தக் குடும்பப் பின்னணி அந்நியமாகத் தோன்றாது. தாமஸ் வடிவமைத்த காலணைச் சட்டம் முதல் உலகப் போரில், அவருடைய மருமகன் ராபர்ட் ஜோன்ஸின் முயற்சியால், தொடையெலும்பு முறிந்த படைவீரர்களின் உயிரைக் காத்தது. ஓய்வை மருந்தாகக் கண்ட தலைமுறைகள் அறியாமையில் இருந்தவை அல்ல.

ஆனால் ஓய்வு என்னும் மருந்துக்கும் பக்கவிளைவு உண்டு. எலும்பு தன்மேல் விழும் பாரத்துக்கு ஏற்பவே தன் கட்டமைப்பை அமைத்துக்கொள்கிறது என்று ஜெர்மானிய மருத்துவர் ஜூலியஸ் வோல்ஃப் 1892இல் எழுதினார். பாரம் நீங்கினால் எலும்பு மெலியும், தசை அதைவிட விரைவாகக் கரையும். மாவுக்கட்டை உடைத்து வெளியே வரும் உடலில் விரிசல் கூடியிருக்கலாம். ஆனால் அந்த விரிசலை உண்டாக்கிய வேலையை மறுபடி செய்யும் வலு அதில் இராது. இடைப்பட்ட இந்த வெளியைக் கடப்பது எப்படி என்ற கேள்வியிலிருந்துதான் விளையாட்டு வீரர்களுக்கான இயன்முறை மருத்துவம் பிறக்கிறது.

அதற்கான கருவிகள் மைதானத்தில் உருவானவை அல்ல. போர்க்கால மருத்துவமனைகளில் உருவானவை. இங்கிலாந்தில் 1894இல் நான்கு செவிலியர் சேர்ந்து தொடங்கிய உடல்பிடிப்புப் பணியாளர் சங்கம், இரண்டு போர்களின் காயங்களைத் தொட்டுத் தேர்ந்து, 1944இல் பிசியோதெரபி என்னும் பெயரைச் சூடிக்கொண்டது. ஏறத்தாழ அதே நேரத்தில், சிகாகோவின் கார்டினர் ராணுவ மருத்துவமனையில் தாமஸ் டிலார்ம் என்ற இளம் மருத்துவர், முழங்காலும் தொடையும் சிதைந்த படைவீரர்களிடம் பாரம் தூக்கச் சொன்னார். பத்து முறை தூக்க முடிந்த அதிகபட்ச எடையைக் கண்டறிந்து, வலு கூடக்கூட அந்த எடையையும் படிப்படியாகக் கூட்டுவதே அவருடைய முறை. 1945இல் அதை வெளியிட்டார். அவரே பதின்பருவத்தில் முடக்குக் காய்ச்சலில் படுத்து, கடும் உழைப்பு கூடாதென எச்சரிக்கப்பட்டு, எடை தூக்கித் தன் உடலை மீட்டவர். காயம்பட்ட உறுப்பை அஞ்சிப் பொத்திவைப்பதற்கும், கண்மூடித்தனமாக வருத்துவதற்கும் நடுவே அளந்து ஏற்றும் வழி ஒன்று உண்டு என்பதை அவர் எண்களால் காட்டினார்.

லில்லியின் கதையில் அந்த வழியைக் காட்டியவர், மேற்கு ஆஸ்திரேலியப் பல்கலைக்கழகத்தின் உடற்கல்வித் துறையைச் சேர்ந்த ஃபிராங்க் பைக். மாவுக்கட்டு அகன்ற பிறகு, ஓட்டமும் தசை வலுவூட்டலும் கொண்ட பயிற்சியை அவர் வகுத்துத் தர, லில்லி அதை மாதக்கணக்கில் செய்தார். டெஸ்ட் புள்ளிவிவரத்தில் இந்த உழைப்புக்கு இடமில்லை. 1973 பிப்ரவரியில் கிங்ஸ்டன், 1974 நவம்பர் இறுதியில் பிரிஸ்பேன். நடுவே இருபத்தொரு மாத வெற்றிடம். ஆனால் அந்த வெற்றிடத்தில்தான் பிற்கால லில்லி உருவானார். திரும்பிவந்த தொடரில் இங்கிலாந்துக்கு எதிராக 25 விக்கெட்டுகள். பழைய வேகத்தை மட்டும் நம்பாமல், பந்தை வெட்டி நகர்த்தவும் வேகத்தை மாற்றிவீசவும் கற்றிருந்தார். அவருடைய 355 டெஸ்ட் விக்கெட்டுகளில் ஏறத்தாழ 300, முறிந்து சேர்ந்த அந்த முதுகைக் கொண்டு எடுக்கப்பட்டவை.

1984இல் டெஸ்ட் ஆட்டத்திலிருந்து ஓய்வுபெற்ற லில்லி, 1987இல் சென்னைக்கு வந்தார். எம்.ஆர்.எஃப். நிறுவனம் தொடங்கிய வேகப்பந்து வீச்சுப் பயிற்சி மையத்துக்கு அவர்தான் தலைமைப் பயிற்சியாளர். சேத்துப்பட்டில், எம்.சி.சி. பள்ளி மைதானத்தில் அது இயங்கியது. தமிழகத்திலிருந்து இந்திய அணிக்கு ஆடிய டி.ஏ. சேகர் அவருக்குத் துணைநின்றார். வேகப்பந்து வீச வேண்டும் என்ற ஆசையோடு அங்கே வந்த பம்பாய்ச் சிறுவன் சச்சின் டெண்டுல்கரை, மட்டையாட்டத்தில் கவனம் வைக்கச் சொல்லி லில்லி திருப்பியனுப்பிய கதையை அனைவரும் அறிவர். அதைவிட முக்கியமானது, தங்கவைக்கப்பட்டவர்களிடம் அவர் செய்தது. இடுப்பு ஒரு திசையைப் பார்க்கத் தோள்கள் வேறு திசைக்குத் திரும்பும் கலப்பு வீச்சுமுறையை அவர் திருத்தினார். பக்கவாட்டாக நின்று வீசலாம், நேராக நின்றும் வீசலாம். இரண்டையும் ஒரே வீச்சில் கலந்தால் அந்த முறுக்கு முழுவதையும் கீழ்முதுகு வாங்கிக்கொள்ளும். தன் உடலில் கற்ற பாடத்தைப் பிறருடைய உடலில் நேராமல் தடுக்கும் வேலை அது.

அவருடைய ஊரான பெர்த்தில் அறிஞர்கள் அந்தப் பாடத்தை அளந்தும் பார்த்தனர். டேரில் ஃபாஸ்டர், புரூஸ் எலியட் முதலானோர் 82 இளம் வேகப்பந்து வீச்சாளர்களை ஒரு பருவம் முழுதும் பின்தொடர்ந்து 1989இல் வெளியிட்ட ஆய்வின்படி, நூற்றுக்கு 11 பேருக்கு முள்ளெலும்பில் அயர்ச்சி முறிவு ஏற்பட்டிருந்தது. ஆபத்துக்கான காரணங்களாக அவர்கள் சுட்டியவற்றில் இரண்டு முக்கியமானவை: தோள்களின் எதிர்த்திருப்பமும், அளவுக்கு மீறி வீசுவதும். பின்னாளில் ஜான் ஆர்ச்சர்டும் அவருடைய குழுவினரும் 2009இல் வெளியிட்ட ஆய்வு இன்னொரு நுட்பத்தைச் சொன்னது. ஒரே ஆட்டத்தில் 50 ஓவர்களுக்கு மேல் வீசியவருக்கு, அடுத்த 21 நாட்களில் காயமடையும் வாய்ப்பு கூடுகிறது. அதாவது, மிகையுழைப்புக்கான தண்டனை உடனே வருவதில்லை, தாமதித்து வருகிறது. வீரரும் தலைவரும் ரசிகரும் ஏமாறுவது இந்த இடத்தில்தான்.

இந்த வெளிச்சத்தில் 2025 ஜனவரிக்குத் திரும்புவோம். சிட்னிக்கு முந்தைய மெல்போர்ன் டெஸ்டில் பும்ரா 53.2 ஓவர்கள் வீசியிருந்தார். அந்த ஆட்டம் டிசம்பர் 30இல் முடிந்தது. சிட்னி ஆட்டம் ஜனவரி 3இல் தொடங்கியது. நான்காம் தேதி அவர் முதுகைப் பிடித்தபடி வெளியேறினார். அந்தத் தொடரில் மொத்தம் 150 ஓவர்களுக்கு மேல் வீசி 32 விக்கெட்டுகளை எடுத்த மனிதர் அவர். முன்னதாகவே முதுகுக் காயத்தால் 2022இல் டி20 உலகக் கோப்பையை இழந்து, 2023 மார்ச்சில் நியூசிலாந்தில் அறுவை சிகிச்சை செய்துகொண்டு, பெங்களூரு தேசியக் கிரிக்கெட் அகாடமியில் மீள்பயிற்சி பெற்று, அந்த ஆகஸ்டில் அயர்லாந்தில் களம் திரும்பியவரும் ஆவார். சிட்னியின் கடைசி நாளில் அவர் வீசாமல் நின்றது கோழைத்தனமும் அல்ல, அலட்சியமும் அல்ல. 1973இல் லில்லிக்குக் கிடைக்காத அறிவு 2025இல் அவருக்குக் கிடைத்திருந்தது.

ஆனால் அறிவு எல்லாவற்றையும் தீர்த்துவிடுவதில்லை. அவர் அடுத்து வந்த சாம்பியன்ஸ் கோப்பையில் ஆடவில்லை. 2025இன் இங்கிலாந்துப் பயணத்தில் ஐந்து டெஸ்டுகளில் மூன்றில் மட்டுமே ஆடுவார் என்று முன்கூட்டியே முடிவாயிற்று. இந்தியா வென்ற இரண்டு டெஸ்டுகளும் அவர் ஆடாதவை. அதே தொடரில் முகமது சிராஜ் ஐந்து ஆட்டங்களிலும் ஆடி 23 விக்கெட்டுகளை எடுத்தார். உடனே ஒப்பீடு கிளம்பியது: ஒருவர் நாட்டுக்காக உடலை வருத்துகிறார், மற்றவர் கணக்குப் பார்க்கிறார் என்று. இரண்டு உடல்கள் ஒன்றல்ல என்ற எளிய உண்மை அந்த இரைச்சலில் காணாமல் போனது. முறிந்து சேர்ந்த முதுகுக்கும் முறியாத முதுகுக்கும் ஒரே அளவுகோல் பொருந்தாது. பாரத்தை அளந்து ஏற்ற வேண்டும் என்று டிலார்ம் சொன்னபோது, அவரவர் தூக்க முடிந்த அளவிலிருந்துதான் தொடங்கச் சொன்னார்.

வலியோடு ஆடுவதைப் போற்றும் மரபு நமக்குள் ஆழமாக வேரோடியிருக்கிறது. விழுப்புண்ணைப் பெருமையாகவும் புறமுதுகைப் பழியாகவும் பாடிய மொழி நம்முடையது. அந்தப் பெருமிதத்தை நாம் இழக்க வேண்டியதில்லை. ஆனால் போர்க்களத்தின் அறத்தை ஆடுகளத்துக்கு அப்படியே பெயர்க்கும்போது, இருபது வயதுப் பையனின் முள்ளெலும்பு அதற்கு விலை கொடுக்கிறது. பும்ராவுக்கு ஸ்கேன் எடுக்க ஆளுண்டு, ஓவர்களை எண்ண ஆளுண்டு, வேண்டாம் என்று சொல்லும் இயன்முறை மருத்துவர் உண்டு. காலையில் கல்லூரி அணிக்கும் மாலையில் சங்க அணிக்கும் வாரக் கடைசியில் மாவட்ட அணிக்கும் வீசும் பையனின் ஓவர்களை யாரும் கூட்டிப் பார்ப்பதில்லை. மூன்று பயிற்சியாளர்களும் தத்தம் ஓவர்களை மட்டுமே அறிவார்கள். மொத்தக் கணக்கு அவனுடைய முதுகில் மட்டும் இருக்கிறது. வலிக்கிறது என்று அவன் சொன்னால் இடம் போய்விடும். சொல்லாவிட்டால் முதுகு போய்விடும்.

லில்லி சென்னைக்கு 2012 வரை வந்துபோனார். அவருக்குப் பின் கிளென் மெக்ராத் அந்தப் பொறுப்பை ஏற்றார். அங்கே பயின்று இந்தியாவுக்கு ஆடியவர்களின் பட்டியல் நீளமானது. அதை நாம் பெருமையோடு சொல்லிக்கொள்கிறோம். அங்கே வீச்சுமுறை திருத்தப்பட்டதால் முதுகு முறியாமல் போனவர்களுக்குப் பட்டியல் கிடையாது. நேராத முறிவை எந்தப் புள்ளிவிவரமும் பதிவதில்லை. அடுத்த முறை ஒரு வீச்சாளர் பந்தைத் தலைவரிடம் திருப்பிக் கொடுத்துவிட்டு மெல்ல வெளியே நடக்கும்போது, சலிப்போடு ஏதேனும் சொல்ல வாயெடுக்கும் முன், கிங்ஸ்டனுக்கும் பிரிஸ்பேனுக்கும் இடையிலான அந்த இருபத்தொரு மாதங்களை நாம் நினைத்துக்கொள்ளலாம்.