முட்டுக்கட்டை

புதுக் கார் வாங்கி மூன்று மாதம் கழித்துத்தான் அது தெரிய வந்தது. மேம்பால ஏற்றத்தில் நெரிசல். பிரேக்கிலிருந்து காலை எடுத்தேன். வண்டி பின்னால் உருளவில்லை. இரண்டு விநாடி அப்படியே நின்றது, ஆக்சிலரேட்டரை மிதித்ததும் ஏறியது. கையேட்டில் 'ஹில் ஹோல்ட்' என்று இதற்கு ஒரு பக்கமே உண்டு, நான் புரட்டியதில்லை. பக்கத்தில் இருந்த பெரியப்பா, தறிக்காரர், சொன்னார்: "தேருக்குக் கட்டை போட்ட மாதிரி நிக்குதேப்பா!"

அவர் சொன்னது முட்டுக்கட்டையை. செய்தித்தாளில் இந்தச் சொல் வந்தால் கூடவே ஒரு குற்றச்சாட்டும் வரும்: திட்டத்துக்கு முட்டுக்கட்டை, கல்யாணத்துக்கு முட்டுக்கட்டை. வைகாசிப் பிரம்மோற்சவத்தின் ஏழாம் நாள், காஞ்சிபுரம் வரதராஜப் பெருமாள் தேர் காந்தி ரோட்டில் அசைந்து வருவதைப் பார்த்தவர்களுக்கு இதை வசவாகச் சொல்ல வாய் வராது. வடம் பிடிப்பவர்கள் இழுக்கத்தான் முடியும். சக்கரத்தை ஒட்டிக் குனிந்தபடியே நடப்பவர்கள் கையில்தான் தேரின் போக்கு இருக்கிறது. ஆப்பு போலச் சரிந்த கட்டையைச் சக்கரத்தின் முன் நேராக வைத்தால் தேர் நிற்கும். சற்றுச் சாய்த்து வைத்தால் சக்கரம் அதில் வழுக்கித் திசை மாறும். வைத்த கையை இழுத்துக்கொள்ளக் கிடைப்பது கண்ணிமைக்கும் நேரம். பிரேக்கும் அதுதான், ஸ்டியரிங்கும் அதுதான். திருவாரூர் ஆழித்தேருக்குத் திருச்சி பெல் நிறுவனம் ஹைட்ராலிக் பிரேக் பொருத்திய பிறகும் அங்கே கட்டைகள் ஓய்வு பெறவில்லை.

'முட்டு' என்பதே இரண்டு முகம் கொண்ட சொல். மாடு முட்டினால் மோதல். சாயும் சுவருக்கு முட்டுக் கொடுத்தால் தாங்கல். கையில் காசில்லாமல் தடைபட்டு நிற்பது முட்டுப்பாடு. ஒன்று இன்னொன்றின் மேல் இடித்து நிற்கும் இடம்தான் எல்லாவற்றுக்கும் அடி என்று எனக்குப் படுகிறது. இன்று அரசியல் பேச்சில் 'முட்டுக் கொடுக்கிறான்' என்பதும் வசவாகிவிட்டது. எனக்கு இதில் வருத்தம் உண்டு. முட்டுக்கட்டை தேர் வீதியை விட்டு வெளியே வந்தபோது நிறுத்தும் பொருளை மட்டும் எடுத்து வந்தது. திருப்பிவிடும் பொருள் தேரடியிலேயே தங்கிவிட்டது.

வீட்டுக்கு வந்ததும் பெரியப்பா தறிக்குழியில் இறங்கினார். நெய்த சேலை சுருளும் படமரம் பின்வாங்கினால் பாவு தொய்ந்துவிடும். அதன் துளையில் செருகிய ஒரு கோல்தான் பிடித்து நிற்கிறது. அதை உருவி, நெய்த ஒரு சாண் சேலையைச் சுருட்டி, மறுபடி செருகினார்.