யாரும் குறிவைக்காத ஃபெரட்

ஐரோப்பாவில் முயல் வளைக்குள் விட்டு வேட்டையாட மனிதர் பழக்கியது வீட்டு ஃபெரட். அதுக்கு இரை போட ஆள் உண்டு. அதன் அமெரிக்கக் காட்டு உறவான கருங்கால் ஃபெரட்டுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. அதன் உணவில் 90 சதவீதத்துக்கு மேல் புல்வெளி நாய். பேருதான் நாய், உண்மையில் தரையில் வாழும் அணில். ஃபெரட் குடியிருப்பதும் அந்த அணில் தோண்டிய வளையில்தான்.

மேய்ச்சல் புல்லைத் தின்கிறது என்று 20ஆம் நூற்றாண்டில் பண்ணைக்காரர்களும் அரசும் அணிலுக்கு விஷம் வைத்தார்கள். ஃபெரட்டை யாரும் குறிவைக்கவில்லை. ஆனால் அதன் சோறும் வீடும் சேர்ந்தே போச்சு. 1979இல் இனமே அழிந்தது என்று நினைத்தார்கள்.

1981 செப்டம்பரில் வயோமிங் மாநிலம் மீட்டீட்சி அருகே ஷெப் என்ற பண்ணை நாய் செத்த ஃபெரட் ஒன்றை வீட்டுக்குக் கொண்டுவந்தது. தேடினால், பக்கத்திலேயே ஒரு கூட்டம் உயிரோடு! 1985இல் நாய்களுக்கு வரும் டிஸ்டெம்பர் நோய் அதில் புகுந்தது. 1987க்குள் பிடித்துக் காப்பாற்றியவை வெறும் 18.

அவற்றைக் கூண்டில் பெருக்கி, மறுபடியும் புல்வெளியில் விட்டார்கள். ஆனா அணில் இல்லாத இடத்தில் விட்டு என்ன பயன்? இந்த வரலாற்றில் நான் குறித்துக்கொண்டது இதைத்தான்: ஒரு விலங்கை அழிக்க, அதைத் தொடவே வேண்டியதில்லை.