துவக்கின்மேல் ஏறிய தொலைகாட்டி

மனிதக் கண்ணுக்கு இயல்பான குறைபாடு ஒன்று உண்டு. அருகிலுள்ள பொருளையும் தொலைவிலுள்ள பொருளையும் ஒரே வேளையில் தெளிவாகக் காண அதனால் இயலாது. துவக்கை ஏந்திக் குறிபார்ப்பவன் இதனை நன்கறிவான். கண்ணுக்கருகே பின்குறி, குழலின் நுனியில் முன்குறி, அப்பால் இருநூறு யார் தொலைவில் மான். இம்மூன்றையும் நேர்கோட்டில் நிறுத்த முயலும்போது ஒன்று தெளிந்தால் மற்றவை மங்கும். இளைஞன் ஒருவாறு சமாளித்துக் கொள்வான். வயது ஏற ஏற முன்குறியே கலங்கித் தோன்றத் தொடங்கும். இக்குறைக்கு மருந்து துவக்குச் செய்யும் பட்டறையிற் பிறக்கவில்லை. வானத்தை ஆராய்ந்த ஒருவரின் அறையிலே, ஒரு சிலந்தியின் உதவியாற் பிறந்தது.

1608ஆம் ஆண்டில் ஒல்லாந்து தேசத்துக் கண்ணாடி வினைஞரான ஹான்ஸ் லிப்பர்ஷே தொலைகாட்டிக்கு உரிமம் வேண்டி விண்ணப்பித்தார். 1611இல் யோகான்னஸ் கெப்ளர், குவிவு வில்லைகள் இரண்டைக் கொண்டும் அக்கருவியை அமைக்கலாம் என விளக்கினார். அவ்வகைத் தொலைகாட்டியொன்றை வைத்து ஆராய்ந்தவர் வட இங்கிலாந்தின் லீட்ஸ் நகருக்கு அண்மையில் வாழ்ந்த வில்லியம் காஸ்கொயின். 1640ஆம் ஆண்டையொட்டி, திறந்து கிடந்த அவருடைய கருவிக்குள்ளே சிலந்தியொன்று நூலிழைத்துவிட்டது. அந்நூல் தற்செயலாக வில்லையின் குவியத்தில் அமைந்தமையால், தொலைவிலுள்ள பொருளும் நூலும் ஒருங்கே தெளிவாகத் தெரிந்தன. குவியத்தில் இழையொன்றைக் கட்டிவிட்டால், கருவி எந்தப் புள்ளியை நோக்குகின்றது எனத் திட்டமாகச் சொல்லலாம் என்பதை அவர் உணர்ந்தார். ஆனால், 1644 யூலை 2ஆந் திகதி மார்ஸ்டன் மூர்ப் போரிலே அரசர் பக்கம் நின்று பொருது அவர் மாண்டுபோனார். அவர் கண்ட இழையே பின்னர் வான்சாத்திரிகளின் கருவிகளிலும் நில அளவையாளரின் கருவிகளிலும் குடிகொண்டது.

துவக்கின்மேல் அது பயன்தரும் வகையில் ஏறுவதற்கு மேலும் இரு நூற்றாண்டுகள் சென்றன. வெடிக்குந்தோறும் பின்னோக்கி உதைக்கும் ஓர் ஆயுதத்தின்மீது, மெல்லிய கண்ணாடிகள் அடங்கிய குழாயொன்றை அசையாது இருத்துவது எளிதன்று. குறி பார்க்க ஒரு கருவி என்பது பாதிக் கதை. அக்கருவியைத் தாங்கும் இரும்பு மறுபாதிக் கதை.

1840களில் ஐக்கிய அமெரிக்காவின் நியூயோர்க் மாநிலத்து யூற்றிக்கா நகரில், யோன் சாப்மன் என்னும் பொறியியலாளரின் யோசனைகளைக் கொண்டு மோகன் ஜேம்ஸ் என்னும் துவக்கு வினைஞர் குறிகாட்டித் தொலைகாட்டிகளைச் செய்தார். 1855ஆம் ஆண்டளவில் சிரக்கியூஸ் நகரத்து வில்லியம் மல்கம், நிறப்பிழை நீக்கிய வில்லைகளை அமைத்து அவற்றைத் திருத்தினார். இவை குழலளவு நீண்ட மெல்லிய குழாய்கள். மேலே, கீழே, இடம், வலம் என்று குறியைத் திருத்தும் பொறிமுறை குழாய்க்குள்ளே இல்லை, தாங்கியிலேதான் இருந்தது. தாங்கி தளர்ந்தால் குறியும் தளர்ந்தது.

1861இல் மூண்ட அமெரிக்க உள்நாட்டு யுத்தத்தில் இக்கருவிகள் மனிதரை நோக்கித் திரும்பின. வடவர் படையில் ஹைரம் பேர்டன் திரட்டிய குறிகாரருள் சிலரும், இங்கிலாந்திலிருந்து தருவித்த விற்வேர்த் துவக்கேந்திய தென்னவர் சிலரும் தொலைகாட்டியாற் குறிபார்த்துப் போரிட்டனர். தொலைவிலுள்ளதை அருகிற் காட்டும் கண்ணாடி, அருள் மருள் அறியாது; அதனைப் பிடித்த கையே அதன் பயனைத் தீர்மானித்தது.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் ஒஸ்திரியாவிலும் ஜேர்மனியிலும் வேட்டைக்குரிய குறிகாட்டிகள் சிறப்புற வளர்ந்தன. அந்தி மயங்கும் வேளையிற் காட்டோரத்தில் வெளிப்படும் மானைக் காண்பதற்கு ஒளி மிகுந்த கண்ணாடி வேண்டியிருந்தது. அந்நாட்டு வினைஞர் தாங்கியின் அடியில் நகம்போன்ற கொக்கிகளை அமைத்து, துவக்கின்மேல் வெட்டிய பள்ளங்களில் அவற்றை மாட்டினர். கழற்றி மீண்டும் மாட்டினாலும் குறி பிறழாத நுட்பம் அது. ஆயினும், ஒவ்வொரு துவக்குக்கும் தனித்தனியே கையால் அராவிப் பொருத்த வேண்டியிருந்தமையால், செல்வர்க்கன்றி ஏனையோர்க்கு அது எட்டாக் கனியாயிற்று.

1929இல் அமெரிக்கப் பங்குச் சந்தை வீழ்ந்தது. வேலையின்மை நாடெங்கும் பரவிய அக்காலத்தில், 1930ஆம் ஆண்டு, கென்டக்கி மாநிலத்து நியூபோற் நகரிலே இருபத்தைந்து வயதளவினரான வில்லியம் வீவர் என்பவர் குறிகாட்டி செய்யும் சிறு தொழிலைத் தொடங்கினார். முக்கால் அங்குல விட்டமுடைய எளிய உருக்குக் குழாய். உருப்பெருக்கமோ மூன்று மடங்குக்கும் குறைவு. '330' என்று பெயரிட்ட அக்கருவியைத் தாங்கியுடன் சேர்த்து 19 டொலருக்கு அவர் விற்றார். 1940இல் அமெரிக்கச் சேனையிற் புதிதாகச் சேர்ந்த சிப்பாயின் மாதச் சம்பளம் 21 டொலராயிருந்தது என்பதை நினைவிற் கொண்டால், அவ்விலையின் பொருள் விளங்கும். சிறியதாயினும், சாதாரண உழைப்பாளி ஒருவன் சேமித்து வாங்கக்கூடிய விலை அது. 1933இல் அவர் ரெக்சாஸ் மாநிலத்து எல் பாசோ நகருக்குத் தொழிலை மாற்றினார்.

வீவர் எதைச் சுருக்கினார், எதைச் சுருக்கவில்லை என்பதே கவனிக்கத்தக்கது. பெருக்கத்தையும் வில்லையின் அகலத்தையும் சுருக்கினார். ஆனால், குறியைத் திருத்தும் திருகுகளைக் குழாய்க்குள்ளேயே அமைத்தார். அதனால் தாங்கியின் வேலை ஒன்றேயாயிற்று: அசையாது பற்றிக்கொள்ளல். ஒரே வேலையுடைய பொருளை மலிவாகவும் உறுதியாகவும் செய்யலாமன்றோ?

அசையாமையின் மதிப்பைச் சிறு கணக்கொன்று காட்டும். குழாயைப் பற்றும் இரு வளையங்களும் நான்கு அங்குல இடைவெளியில் உள்ளன என்று கொள்வோம். அவற்றுள் ஒன்று ஓர் அங்குலத்தில் ஆயிரத்திலொரு பங்கு, அதாவது தலைமயிரின் தடிப்பில் ஏறத்தாழ மூன்றிலொரு பங்கு, விலகினாற் போதும். நூறு யாரில் குண்டு ஏறக்குறைய ஓர் அங்குலம் பிசகும். நானூறு யாரில் மூன்றரை அங்குலத்துக்கு மேற் பிசகும். உயிர்நிலையில் பட்டு உடனே வீழவேண்டிய விலங்கு, காயத்தோடு காட்டுக்குள் ஓடி நாட்கணக்கில் வருந்திச் சாவதற்கு இத்தகைய பிசகே போதுமானது.

மலிவான கருவிக்குக் கடுஞ்சோதனை யுத்தத்தில் வந்தது. 1943இல் அமெரிக்கச் சேனை, ஸ்பிரிங்பீல்ட் துவக்கின் ஒரு வகையைத் தொலைக்குறிகாரருக்கென அமைத்தது. றெமிங்டன் நிறுவனம் 28,000க்கும் மேற்பட்டவற்றைச் செய்தது. உயர்தரக் குறிகாட்டிகள் போதிய அளவிற் கிடையாமையால், வீவரின் 330 வகையே பெரும்பாலும் அவற்றின்மேல் ஏறியது. அதைத் தாங்கிய ரெட்பீல்ட் தாங்கி உறுதியானது. முன்வளையம் பள்ளத்திற் சுழன்று பூட்டிக்கொள்ளும், பின்வளையத்தை எதிரெதிரான இரு திருகாணிகள் இறுக்கும். கண்ணாடியின் பலவீனமோ வேறிடத்தில் இருந்தது. வேட்டைக்கெனச் செய்த குழாய்க்குள் மழையும் ஈரமும் புகுந்தன. உள்ளே ஆவி படிந்து பார்வை மறைந்தது. அத்துவக்கில் இரும்புக் குறிகள் வைக்கப்படவில்லையாதலின், கண்ணாடி மங்கியவிடத்துச் சிப்பாய்க்கு வேறு கதி இருக்கவில்லை.

யுத்தம் முடிந்ததும் இக்குறை தீர்ந்தது. ஒறகன் மாநிலத்து லியூபோல்ட் நிறுவனம் 1947இல், குழாயிலிருந்து ஈரக்காற்றை அகற்றி உலர்ந்த நைதரசன் வாயுவை நிரப்பி அடைத்த குறிகாட்டியை வெளியிட்டது. ஒளியிழப்புக்கும் பரிகாரம் கிடைத்தது. மேற்பூச்சில்லாத ஒவ்வொரு கண்ணாடி முகமும் ஏறத்தாழ நூற்றுக்கு நான்கு வீத ஒளியைத் திருப்பிவிடும். பத்து முகங்களைக் கடக்கும்போது மூன்றிலொரு பங்கு ஒளி வீணாகும். ஜேர்மனியில் சைஸ் நிறுவனத்து அலெக்சாண்டர் சிமாக்குலா 1935இற் கண்ட மெல்லிய மேற்பூச்சு, யுத்தத்தின் பின் வேட்டைக் கருவிகளிலும் பரவி, அந்தியொளியைக் காத்துத் தந்தது.

வீவர் 1975இற் காலமானார். அவர் பெயர் தாங்கிய குறுக்குப் பள்ளத் தாங்கியோ அவருக்குப் பின்னும் நிலைத்தது. 1995இல் அமெரிக்கச் சேனை நியமமாக ஏற்ற பிக்கற்றினித் தண்டவாளம், பள்ளத்தின் அகலத்திலும் இடைவெளியிலும் வேறுபட்டதாயினும், அதன் வழிவந்ததே.

குறைந்த பொருளோடு குறிகாட்டி வாங்கப் புகுபவனுக்கு இவ்வரலாறு கூறும் பாடம் தெளிவானது. பெருக்கத்தை அடக்கிக் கொள்ளலாம்; மினுக்கத்தைத் துறக்கலாம். தாங்கியின் உறுதியிலும், ஈரம் புகாமையிலும், ஒளியிலும் கைவைத்தலாகாது. கண்ணாடி எவ்வளவு தூரத்தைக் காட்டினும், தாங்கி உண்மை சொல்லும் தூரம் வரையே குறிபார்க்கத் தகும். அதற்கப்பால் விசையிலிருந்து விரலை எடுத்துவிடுபவனே நல்ல வேட்டைக்காரன். சிலந்தி கட்டிய இழை அசையாது நின்றமையால் அன்றோ காஸ்கொயின் வானை அளந்தார்!