நீர்க்கரை மரமும் நம்மவர் மருந்தும்



மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே, படுவான்கரைப் பகுதியின் ஆற்றோரங்களில் ஓங்கி வளர்ந்து நிற்பது மருதமரம். 1961ஆம் ஆண்டில் அம்பாறை மாவட்டம் பிரியுமுன் மட்டக்களப்பைச் சேர்ந்திருந்த மருதமுனை என்னும் ஊர், தன் பெயரிலேயே மருதைத் தாங்கி நிற்கிறது. இம்மரத்தின் வரலாற்றை அறிய, முதலில் மற்றொரு நீர்க்கரை மரத்தின் கதையைக் கேட்போம்.

ஆங்கிலர் வில்லோ என்றும், நம் மூலிகை நூலார் ஆற்றுப்பாலை என்றும் வழங்குவது ஒரே மர இனத்தையே. இங்கிலாந்தில் எட்வர்ட் ஸ்டோன் என்னும் பாதிரியார் அதன் பட்டையைப் பொடித்துக் குளிர்காய்ச்சல் கண்ட சுமார் 50 பேருக்குக் கொடுத்துப் பார்த்து, 1763இல் அரச கழகத்துக்கு எழுதி அனுப்பினார். 1828இல் பட்டையின் சத்து பிரித்தெடுக்கப்பட்டது. அவ்வழியே தொடர்ந்த ஆராய்ச்சி, 1899இல் ஆஸ்பிரினாக விற்பனைக்கு வந்தது.

நம் நாட்டு வைத்தியம் இதனை அறியாததா? சரக சங்கிதை, வேதனையைத் தணிக்கும் பத்து மருந்துகளுள் வஞ்சுளம் என்பதையும் வைத்தெண்ணுகிறது. ஆனால் வஞ்சுளம் எந்த மரம்? ஆற்றுப்பாலை இனம் என்பர் சிலர். பிரம்பு என்பர் வேறு சிலர். பெயர் ஏட்டில் நிலைத்தது. மரமோ ஐயத்துக்கு இடமாயிற்று. மரம் இன்னதென்று தெரியாதபோது, மருந்தைச் சோதிப்பது எங்ஙனம்?

மருதுக்கு அக்கதி நேரவில்லை. வடமொழியார் அர்ச்சுனம் என்ற அதன் பட்டையைப் பாலிற் காய்ச்சி இருதய நோய்க்குக் கொடுக்கும் முறையை, 11ஆம் நூற்றாண்டில் சக்கரபாணிதத்தர் எழுதி வைத்தார். பட்டையில் சுண்ணாம்புச் சத்து மிகுதி. அதனை எரித்த சாம்பலை இலங்கையில் வெற்றிலையோடு சுண்ணாம்பாகவும் சேர்த்து மென்றனர். இக்காலத்து ஆராய்ச்சியாளரும் அப்பட்டையைச் சோதித்து வருகின்றனர். முடிவான தீர்ப்புக்கு இன்னும் பெரிய ஆய்வுகள் தேவை. ஆதலின் இருதய நோயாளர் எவரும் வைத்தியரைக் கேளாமல் இதனை உட்கொள்ளலாகாது.

நேயர்களே, ஸ்டோன் பாதிரியார் செய்தது பெரிய வித்தையன்று. இன்ன மரம், இன்ன அளவு, இன்ன பலன் என்று எழுதி வைத்தார். பின்வந்தோர் அதைச் சோதிக்க முடிந்தது. நம் ஊர்ப் பரியாரியார் வாய்மொழியாகக் காத்த முறைகளையும், அவர் மரத்தைச் சுட்டிக்காட்டும் காலத்திலேயே நாம் எழுதி வைத்தல் வேண்டும். இன்றேல், வஞ்சுளத்தைப் போல மருதும் ஒருநாள் வெறும் பெயராகிவிடும்.