கொமியூனிகேஷன் கடையும் சீ.ஆர். கொப்பியும்

1996 மே மாதம் அரசாங்கம் நாட்டின் கடிகாரத்தை ஒரு மணித்தியாலம் முன்னுக்குத் தள்ளியது. மின்வெட்டுக் காலம், பகல் வெளிச்சத்தில் மிச்சம் பிடிக்கலாம் என்று கணக்கு. ஒக்டோபரில் அதில் அரை மணித்தியாலத்தைத் திருப்பித் தந்தார்கள். மீதி அரை மணித்தியாலம் 2006 ஏப்ரல் வரை எங்களோடேயே இருந்தது. புலிகளின் கட்டுப்பாட்டிலிருந்த வன்னி இதற்கெல்லாம் அசையவில்லை. அங்கே பழைய நேரம்தான். இவ்வளவு சின்னத் தீவுக்குள் இரண்டு நேரம் என்பது மற்றவர்களுக்கு வேடிக்கை. வெள்ளவத்தை காலி வீதியில் ஒரு கொமியூனிகேஷன் கடையின் காசு மேசையில் இருந்த எனக்கு அது அன்றாட வேலை. லண்டனுக்கு ஐந்து மணித்தியால வித்தியாசம், குளிர்காலமென்றால் ஆறு. ரொறன்ரோவுக்குப் பத்து, பதினொன்று. காட்போட் மட்டையில் எழுதி மேசைக்கு மேலே தொங்கவிட்டிருந்தேன். அப்படியிருந்தும் ஒவ்வொரு அம்மாவும் கேட்பா: "பிள்ளை, நீ சொல்லுறது பழைய நேரமோ, புது நேரமோ?"

1990 ஜூனில் மறுபடி சண்டை தொடங்கியபோது யாழ்ப்பாணத்துக்கான தொலைபேசித் தொடர்பும் போனது. அதற்குப் பிறகு வெளிநாட்டிலிருக்கும் பிள்ளையின் குரலைக் கேட்க வேண்டுமென்றால் கொழும்புக்கு வரவேண்டும். ஏ9 பாதை பூட்டு. ஆமியின் பாஸ், கப்பல், வவுனியாவில் மறிப்பு என்று எல்லாம் தாண்டி வந்து, வெள்ளவத்தையிலோ கொட்டாஞ்சேனையிலோ லொட்ஜ் ஒன்றில் அறை எடுத்து, பொலிஸில் பதிந்து, பிறகு கொமியூனிகேஷனைத் தேடி வருவார்கள். வீட்டுக்கு ஒரு லைன் எடுப்பது பெரும்பாடாக இருந்த காலம் அது. 1996இல் சன்டெல்லும் லங்கா பெல்லும் கம்பியில்லா இணைப்போடு வந்தபிறகுதான் அந்த இறுக்கம் கொஞ்சம் தளர்ந்தது. வீட்டில் லைன் இல்லாததால் சந்திக்குச் சந்தி கொமியூனிகேஷன். இரண்டு மூன்று பூத், ஒரு ஃபாக்ஸ், ஒரு போட்டோகொப்பி மெஷின், வாசலில் மஞ்சள் போர்ட்.

எங்கள் வீடு கொட்டாஞ்சேனையில், ஜம்பட்டா வீதிக்குப் பக்கத்தில். வேலை வெள்ளவத்தையில். இரண்டு இடத்துக் கடைகளும் வெளியில் ஒரே மாதிரித்தான் இருக்கும். உள்ளே நடப்பது தலைகீழ். வெள்ளவத்தையில் தாய் இங்கே, பிள்ளைகள் கனடாவில், நோர்வேயில். கொட்டாஞ்சேனையில் தாய் குவைத்தில் வீட்டு வேலைக்குப் போயிருப்பா. பிள்ளைகள் அம்மம்மாவோடு வெள்ளிக்கிழமை பின்னேரம் வந்து பூத்துக்கு வெளியே வாங்கில் இருப்பார்கள். ஐந்து வயதுப் பிள்ளைக்கு ரிசீவர் கைக்கு வந்ததும் வாயடைத்துப்போகும். "கதை, கதை" என்று அம்மம்மா முதுகில் தட்டுவா. இலங்கைத் தமிழரின் தொலைபேசிக் கதையை எழுதுகிறவர்கள் வெள்ளவத்தையோடு நின்றுவிடுகிறார்கள். இந்தக் கொட்டாஞ்சேனை வாங்கு யாருடைய கட்டுரையிலும் எனக்குக் கண்ணில் படவில்லை.

பூத் என்றால் பிளைவூட் தடுப்பு, கண்ணாடிக் கதவு, உள்ளே ஒரு ஸ்டூல், தலைக்கு மேலே ஓடாத ஃபேன். காசு ஏறுவதைக் காட்டும் சிவப்பு எழுத்து மீட்டர் மட்டும் பழுதாகாது. அதை இரண்டு பக்கமும் தெரிகிற மாதிரி வைத்திருந்தார் முதலாளி. மூளாயிலிருந்து வந்த ஒரு அம்மா கலண்டர் தாளின் பின்பக்கத்தில் கேட்கவேண்டியதை எழுதிக்கொண்டு வருவா. பல்லுக் கொதி. வேலை. குளிருக்குச் சப்பாத்து. தம்பியோடு கதைக்கிறாயா. ஒவ்வொன்றாகக் கேட்டு, பேனையால் வெட்டிக்கொண்டு போவா. மகன் அழுதால் மீட்டரைப் பார்ப்பா, தான் அழமாட்டா. பூத்தை விட்டு வெளியே வந்து, காசைக் கொடுத்து, மிச்சத்தை எண்ணி, கைப்பையைப் பூட்டிய பிறகுதான் என் மேசையைப் பிடித்துக்கொண்டு அழுவா. அதற்கு மீட்டர் ஓடாது என்று அவவுக்குத் தெரியும்.

அழுகிறவவுக்குத் தண்ணீர் கொடுப்பது என் சம்பளத்தில் அடங்கிய வேலையல்ல. சீ.ஆர். கொப்பி என்கிற அந்தத் தடித்த மட்டைக் கொப்பியும் அப்படித்தான். வெளிநாட்டிலிருந்து கோல் வரும்: "லொட்ஜில் இருக்கிற அம்மாவிட்டச் சொல்லுங்கோ தங்கச்சி, எட்டு மணிக்குத் திரும்ப எடுக்கிறன்." அதை எழுதிவைக்கத் தொடங்கியது நான்தான். அறை இலக்கம், யார் எடுத்தது, எங்கேயிருந்து, எத்தனை மணிக்குத் திரும்ப எடுப்பார், பழைய நேரமா புது நேரமா. கடைப் பையன் ஓடிப்போய்ச் சொல்லிவிட்டு வருவான். இன்கமிங்குக்கும் நிமிடக் கணக்கில் காசு என்பதால் முதலாளி இதைத் தடுக்கவில்லை. ஆனால் கொப்பியில் வேறு குறிப்புகளும் சேர்ந்தன. "மகளுக்கு இன்னும் கிடைக்கேல்லை, அம்மாவுக்குச் சொல்லவேண்டாம் என்றவ." "அறை 9க்கு விசா மறுப்பு, மெதுவாகச் சொல்லவும்." இதையெல்லாம் யாரும் எழுதச் சொல்லவில்லை. தடுப்பு பிளைவூட், கேட்காமல் இருக்க முடியாது. கேட்டபிறகு கேட்காத மாதிரி இருக்கவும் என்னால் முடியவில்லை.

கடிகாரத்தை மாற்றிய அதே 1996இல் மொஸ்கோவில் ஒலியா லியாலினா என்ற பெண் இணையத்துக்கென்றே ஒரு படைப்பைச் செய்தார். தலைப்பைத் தமிழில் சொன்னால், என் காதலன் போரிலிருந்து திரும்பி வந்தான். கறுப்பு வெள்ளைப் படங்கள், துண்டு துண்டாக இரண்டு பேரின் பேச்சு. சொடுக்கச் சொடுக்கத் திரை சிறிய கட்டங்களாகப் பிரிந்துகொண்டே போகும். கடைசியில் வெறும் கறுப்புக் கட்டங்கள். எந்தப் போர் என்று எங்கும் இல்லை. பல வருடம் கழித்து இதைப் பார்த்தபோது எனக்குத் தோன்றியது, இது எங்கள் கடையின் நிலப்படம் அல்லவா என்றுதான். பக்கத்துப் பக்கத்துக் கட்டங்கள், ஒவ்வொன்றிலும் பாதிப் பேச்சு. 1991இல் அவுஸ்திரேலியாவின் அடிலெய்டில் வி.என்.எஸ். மேட்ரிக்ஸ் குழுப் பெண்கள் இணையப் பெண்ணிய அறிக்கை வெளியிட்டதையும் பிறகுதான் வாசித்தேன். அவர்களுடைய கோபம் பிடித்தது. ஆனால் அந்த அறிக்கையைவிட லியாலினாவின் கட்டங்கள்தான் எனக்கு நெருக்கம். பேச்சு ஏன் முறிகிறது என்பது அவருக்குத் தெரிந்திருக்கிறது.

2002இல் சமாதானம், ஏ9 திறப்பு. பூத்துகளைக் கழற்றிக் கம்பியூட்டர் போட்டார் முதலாளி. ஹெட்ஃபோன், வெப்கமரா, யாஹூ மெசஞ்சர், பிறகு ஸ்கைப். மாப்பிள்ளை பெண் பார்ப்பதும் அங்கேதான். பெண்ணுக்குப் பின்னால் தாயும் இரண்டு சித்திமாரும் கமராவுக்குள் தலையைத் திணிப்பார்கள். ஊடறு போன்ற தமிழ்ப் பெண்ணியத் தளங்களை நான் முதலில் வாசித்ததும் அந்தக் கம்பியூட்டர்களில்தான், ஆட்கள் இல்லாத மத்தியானங்களில். இந்தக் காலத்தைப் பற்றி அதிகம் சொல்ல எனக்கு இல்லை. ஹெட்ஃபோன் வந்தபிறகு மேசையிலிருப்பவளுக்கு ஒன்றும் கேட்பதில்லை.

2007 ஜூன் 7 விடியற்காலை பொலிஸார் கொழும்பு லொட்ஜுகளுக்குள் புகுந்து 376 தமிழரை பஸ்களில் ஏற்றி வடக்கு கிழக்குப் பக்கம் அனுப்பினார்கள். மாற்றுக் கொள்கைகளுக்கான நிலையம் வழக்குப் போட, மறுநாளே உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்தது. ஏழாம் திகதி பகல் முழுக்கக் கடைத் தொலைபேசி அடித்தபடி. சூரிச்சிலிருந்து, ஸ்காபரோவிலிருந்து. "அறை 14இல அம்மா நிற்கிறாவோ, ஒருக்காப் பார்த்துச் சொல்லுங்கோ." கொப்பியில் அறை இலக்கங்களை எழுதிக்கொண்டே போனேன். கொண்டுபோய்ச் சொல்ல ஆட்கள் இல்லை.

போர் முடிந்தபிறகு, 2012, 2013இல், ராதிகா ஹெட்டியாராச்சி ஒருங்கிணைத்த 'ஹெர்ஸ்டோரீஸ்' திட்டம் வடக்கிலும் தெற்கிலும் தாய்மாரிடம் கதை சேகரித்தது. 250க்கும் மேற்பட்ட தாய்மார், தமிழிலும் சிங்களத்திலும். அவர்கள் கையால் எழுதிய கடிதங்கள், ஊரையும் ஓடிய பாதையையும் வரைந்த நினைவு வரைபடங்கள், வாழ்க்கை மரம் என்று கீறிய படங்கள் எல்லாம் இணையத்தில் ஏறின, கண்காட்சிகளாகவும் போயின, தேசிய ஆவணக் காப்பகத்துக்கும் சேர்ந்தன. கண்காட்சிகளில் தாய்மாரின் துயரத்தைச் சுவரில் மாட்டுவது பற்றி எனக்கு எப்போதும் ஒரு சந்தேகம் உண்டு. பார்த்துக் கண் கலங்கிவிட்டு வெளியே வந்து தேத்தண்ணி குடிக்கலாம். இதில் என்னைப் பிடித்து நிறுத்தியது கையெழுத்து. தட்டச்சு செய்து அழகுபடுத்தாமல், எழுத்துப் பிழையோடு, கோடு தாண்டிய வரிகளோடு அப்படியே வைத்திருக்கிறார்கள். வேகமாக வாசிக்க முடியாது. ஒரு பெண் எழுத எடுத்த நேரத்தில் கொஞ்சமாவது வாசிக்கிறவரும் கொடுத்தாக வேண்டும். டிஜிட்டல் கலை பரிவைப் பற்றிப் பேசுகிறது என்று யாராவது சொன்னால் நான் முதலில் பார்ப்பது இதைத்தான்: பார்க்க வருகிறவரிடம் அது என்ன வேலை வாங்குகிறது?

2019 ஏப்ரல் 21 கொச்சிக்கடை அந்தோனியார் கோயிலில் குண்டு வெடித்தபோது நாங்கள் வீட்டில் இருந்தோம், சத்தம் கேட்டது. அன்றே ஃபேஸ்புக், வாட்ஸ்அப், வைபர் எல்லாவற்றையும் அரசாங்கம் முடக்கியது, ஒன்பது நாள். வி.பி.என். போடத் தெரிந்த பொடியன்கள் போட்டார்கள். மற்றவர்களுக்குப் பழைய லேண்ட்லைன்தான். எங்கள் ஒழுங்கையில் லைன் வைத்திருந்த இரண்டு வீடுகளில் ஒன்று எங்களுடையது. நத்தாருக்குக்கூட வராத அயலவர்கள் வந்தார்கள். நான் ஒரு கொப்பியை எடுத்து வைத்தேன்.

அண்ணாவின் மகள் வடிவமைப்புப் படிக்கிறாள். இந்தக் கடையை இணையத்தில் ஒரு கலைப்படைப்பாகச் செய்யவேண்டும் என்று போன வருடம் தொடங்கினாள். அவளுடைய திட்டத்தில் பார்வையாளர் பூத்தைச் சொடுக்கினால் உள்ளே நடக்கும் பேச்சு முழுவதும் கேட்கும், அழுகையும். "ஆட்களுக்கு அப்பத்தான் மனசைத் தொடும் மாமி" என்கிறாள். வேண்டாம் என்றேன். பார்வையாளரைக் காசு மேசையில் இருத்து. பாதிப் பேச்சுத்தான் கேட்கவேண்டும். கொப்பியில் எழுத வேண்டியதை அவர்களே எழுதட்டும். எழுதாவிட்டால் அறை 9க்குச் செய்தி போகாது. இரண்டு கிழமை என்னோடு முகம் கொடுத்துக் கதைக்கவில்லை. பிறகு மேசையிலிருந்து தொடங்கும் ஒன்றைச் செய்து அனுப்பினாள். பரவாயில்லை. மீட்டர் மட்டும் மிக மெதுவாக ஓடுகிறது. அந்த வேகத்தில் ஓடியிருந்தால் மூளாய் அம்மா இன்னும் நாலு கேள்வி எழுதிக்கொண்டு வந்திருப்பா. திருத்தச் சொல்லியிருக்கிறேன்.