25 வயதில் சாய்க்கப்படும் செம்பனை: தோட்ட வரலாற்றில் ஒரு பாடம்



தோட்டத்தில் வாழ்ந்தவர்களுக்கு இந்தக் காட்சி புதிதல்ல. லயத்துக்குப் பின்னால் பல வருடம் நிழல் போல நின்ற உயரமான செம்பனை மரங்கள் சில வாரங்களில் தரைமட்டமாகிவிடும். ஏன் என்று கேட்டால், "மரம் கிழடாயிடுச்சு, அதான் சாய்ச்சிட்டாங்க" என்பார்கள். இந்தப் பதில் பாதிதான் சரி. மீதிப் பாதியைத் தேடிப் போனால் நம் தோட்ட மக்களின் வரலாறு கையில் கிடைக்கும். வாங்க, பார்ப்போம்.

செம்பனை வந்த வழி

செம்பனையின் தாயகம் மேற்கு ஆப்பிரிக்கா. 1848இல் ஜாவாவின் போகோர் தாவரவியல் பூங்காவில் 4 கன்றுகள் நடப்பட்டன. 1870களில் சிங்கப்பூர்த் தாவரவியல் பூங்காவுக்கு வந்தபோதும் அது வெறும் அழகு மரம்தான். மலாயாவில் முதன்முதலாக வணிக நோக்கில் அதை நட்டவர் ஹென்றி ஃபோகோனியே என்ற பிரெஞ்சுக்காரர். ஆண்டு 1917. இடம் கோலசிலாங்கூர் வட்டாரத்தின் தென்னமாரம் தோட்டம். பெயரை ஒருமுறை வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். தென்னைமரம்! நாட்டின் முதல் செம்பனைத் தோட்டம் வேறொரு மரத்தின் தமிழ்ப் பெயரைத் தாங்கி நிற்கிறது. அங்கே உழைத்தவர்கள் யார் என்பதற்கு இதைவிட நல்ல சான்று வேண்டுமா?

ஆனாலும் அடுத்த 40 ஆண்டுகள் ரப்பரின் காலமாகவே இருந்தன. ஒரே பயிரை நம்பியிருக்கக் கூடாது என்ற எண்ணம் 1950களில் வலுத்தது. 1956இல் ஃபெல்டா தொடங்கப்பட்டது. 1961இல் ஜொகூர், கூலாயில் உள்ள தாயிப் அண்டாக் திட்டத்தில் ஃபெல்டா செம்பனையை நட்டது. தனியார் தோட்டங்களும் ரப்பரை அழித்துச் செம்பனைக்கு மாறின. பால்மரம் சீவியவர்கள் குலை வெட்டக் கற்றுக்கொண்டார்கள்.

வயதா, உயரமா?

செம்பனை நட்ட ஏறக்குறைய 3 ஆண்டுகளில் குலை தரும். தொடக்கத்தில் மரம் குட்டையாக இருப்பதால் நீண்ட பிடி போட்ட உளியால் குலையைக் குத்தி எடுப்பார்கள். மரம் உயர்ந்த பிறகு கழியின் நுனியில் அரிவாளைக் கட்டி வெட்டுவார்கள். மூங்கில் கழி போய் அலுமினியக் கழி வந்தது. ஆனால், மரம் ஆண்டுக்கு ஏறத்தாழ அரை மீட்டர் உயர்ந்துகொண்டே போகிறது. 25 வயதில் 10 மீட்டரைத் தாண்டிவிடுகிறது.

கீழே நிற்பவரின் நிலையை யோசித்துப் பாருங்கள். குலை பழுத்ததா என்று மேலே பார்த்துத் தெரிந்துகொள்வது கடினம். உதிரிப் பழம் விழுந்திருக்கிறதா என்று தரையைப் பார்க்க வேண்டும். வளையும் கழியைத் தூக்கிப் பிடித்து முதலில் மட்டையை இறக்க வேண்டும். பிறகு 20 கிலோவுக்கு மேலும் இருக்கக்கூடிய குலை விழும்போது விலகி நிற்க வேண்டும். கழுத்தும் தோளும் என்னாகும்? ஒரு நாளில் வெட்டும் குலைகள் குறையும். கூலிச் செலவு கூடும். விளைச்சலும் மெல்லக் குறையத் தொடங்கியிருக்கும்.

மற்ற மரங்களைப் போலக் கிளையைக் கழித்துக் குட்டையாக்கலாமே என்று மாணவர்கள் கேட்பார்கள். முடியாது. பனைக் குடும்பத்து மரத்துக்கு வளரும் குருத்து உச்சியில் ஒன்றுதான். அதை வெட்டினால் மரமே செத்துவிடும்.

மரம் முதுமையால் சாகவில்லை என்பதற்குப் போகோரே சாட்சி. அங்கு நட்ட மரங்கள் 100 ஆண்டுகளுக்கு மேல் வாழ்ந்தன. ஆக, 25, 30 வயது என்ற கணக்கு மரத்தின் ஆயுள் அல்ல. மனிதனின் கை எட்டும் தூரமும் முதலாளியின் வரவுசெலவும் சேர்ந்து போட்ட கணக்கு.

சாய்க்கும் முறை

முன்பு தண்டில் துளையிட்டு நஞ்சு ஊற்றி மரத்தை நின்றபடியே சாகவிடுவார்கள். மரத்தைக் குவித்து எரிப்பதும் உண்டு. 1980களின் இறுதியிலிருந்து எரிக்காத முறை பரவியது. எக்ஸ்கவேட்டர் மரத்தைத் தள்ளிச் சாய்த்து, தண்டை மெல்லிய துண்டுகளாகச் சீவிப் பரப்பிவிடும். காரணம் இருக்கிறது. மட்கும் பெரிய தண்டில் காண்டாமிருக வண்டு முட்டையிட்டுப் பெருகி இளங்கன்றுகளை நாசம் செய்யும்.

சாய்த்த பிறகு என்ன?

நமக்கு முக்கியமான கேள்வி இதுதான். மறுநடவு செய்தால் தோட்டம் தொடரும். ஆனால், புதிய கன்று பலன் தரும்வரை அந்த நிலத்தில் குலை வெட்டும் வேலை இல்லை. வெளிக்காட்டு வேலையை மட்டும் நம்பிய குடும்பத்துக்கு அது சிறிய இடைவெளி அல்ல.

நிலம் வேறு பயனுக்கு மாறினால் கதையே வேறு. புத்ராஜெயாவை எடுத்துக்கொள்வோம். 1921இல் தொடங்கிய பிராங் பெசார் தோட்டமும் அதை ஒட்டிய மெடிங்லி, செட்ஜ்லி, கேலவே தோட்டங்களும் இருந்த நிலப்பகுதி அது. 1990களில் அங்கே நிர்வாகத் தலைநகர் எழுந்தது. தோட்டக் குடும்பங்கள் டெங்கில், தாமான் பெர்மாத்தா அடுக்குமாடி வீடுகளுக்கு மாறின. அங்கே மரத்தின் வயது காரணமே அல்ல. நிலத்தின் தேவைதான் காரணம். மரத்தோடு லயமும் கோயிலும் விளையாட்டுத் திடலும் இடம்பெயர்ந்தன.

தேர்வில் "விளைவுகளை விளக்குக" என்று வந்தால் இந்த இரண்டையும் ஒன்றாகக் குழப்பாதீர்கள். மறுநடவால் மாறுவது வேலை. நில மாற்றத்தால் மாறுவது ஊர். ஒவ்வொன்றுக்கும் ஓர் ஆண்டு, ஓர் இடம், ஒரு விளைவு எழுதினால் விடை வலுப்பெறும்.

வகுப்பில் செய்து பார்க்க

செம்பனைத் தண்டில் ஆண்டு வளையம் கிடையாது. வெட்டிப் பார்த்தாலும் வயதை எண்ண முடியாது. தோட்டங்களில் நட்ட ஆண்டையும் பரப்பளவையும் எழுதிய பலகை இருக்கும். அந்தப் பலகை நமக்கு ஒரு முதன்மைச் சான்று. மறுநடவு முடிந்ததும் புதிய ஆண்டோடு வேறு பலகை வந்துவிடும்.

ஆசிரியர்களே, உங்கள் பள்ளியின் பெயரில் இன்னும் 'தோட்டத் தமிழ்ப்பள்ளி' என்று இருக்கிறதா? சுற்றிலும் தோட்டமே இல்லையா? அப்படியானால் பாடம் அங்கேயே தொடங்கலாம். மாணவர்கள் தாத்தா பாட்டியிடம் மூன்று கேள்விகள் கேட்டு எழுதி வரட்டும்:

1. எந்த ஆண்டில் எந்த மரத்தைச் சாய்த்தார்கள்?
2. அடுத்து அந்த நிலத்தில் என்ன வந்தது?
3. அங்கே வேலை செய்தவர்கள் எங்கே போனார்கள்?

மூன்றாவது கேள்விக்கான பதில் எந்தப் பலகையிலும் எழுதப்படுவதில்லை. சொல்லக்கூடியவர்கள் இருக்கும்போதே கேட்டு எழுதிவிடுங்கள்.