என்றும் உயிருள்ள வண்டி

மோட்டார் வண்டிக்கும் மனிதனுக்கும் ஓர் ஒற்றுமை உண்டு. அவசரமில்லாத நாட்களில் இரண்டும் நன்றாகத்தான் இருக்கும்.

சென்ற மார்கழியில் மதுரையில் என் அக்கா வீட்டில் தங்கியிருந்தேன். அக்காவின் மாமியாருக்கு அன்று கண் ஆபரேஷன். காலை ஆறு மணிக்கு ஆஸ்பத்திரியில் இருக்கவேண்டும். அத்தைக்கு எண்பது வயது. ஏற்கெனவே இரண்டு முறை தள்ளிப்போன ஆபரேஷன். "இந்தத் தடவையும் தடங்கல் வந்தா எனக்குக் கண்ணே வேண்டாம், போங்க!" என்று முதல் நாளே எச்சரிக்கை கொடுத்திருந்தாள். ஐந்து மணிக்கே நெற்றியில் விபூதியும் மடியில் பையுமாகத் திண்ணையில் வந்து உட்கார்ந்துவிட்டாள்.

அத்தானுடைய கார் ஹைப்ரிட் ரகம். பெட்ரோல் என்ஜின் ஒன்று. மின்சார மோட்டார் ஒன்று. அந்த மோட்டாருக்குத் தீனி போடப் பெரிய பாட்டரி ஒன்று. வாங்கிய நாள் முதலாக அதன் பெருமையைக் கேட்டுக் கேட்டு எங்களுக்குக் காது புளித்திருந்தது. டில்லியில் இருக்கும் மகனைப் பார்க்கப் போய்விட்டு மூன்று வாரம் கழித்து முந்திய நாள்தான் அத்தான் திரும்பியிருந்தார். அதுவரை வண்டி வாசலில் சும்மா நின்றது.

அத்தான் சாவியை அழுத்தினார். கதவு திறக்கவில்லை. மறுபடியும் அழுத்தினார். பலன் இல்லை. சாவிக்குள் ஒளிந்திருந்த இரும்புச் சாவியை உருவி ஒருவாறாகக் கதவைத் திறந்தோம். உள்ளே விளக்கு இல்லை. பொத்தானை அமுக்கினால் எங்கோ 'டிக் டிக்' என்று பல்லி மாதிரி ஒரு சத்தம். பிறகு அதுவும் இல்லை.

"பாட்டரி போயிருச்சு போலிருக்கே, அத்தான்" என்றேன்.

"இருநூறு வோல்ட் பாட்டரி, மாப்பிள்ளை! அதெல்லாம் போகாது" என்றார், அந்த நிலையிலும் விட்டுக்கொடுக்காமல்.

தெருமுனை ஸ்டாண்டிலிருந்து ஆட்டோக்காரர் ஒருவர் துண்டை உதறிப் போட்டுக்கொண்டு வந்தார். வண்டியை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தார். "பெரிய பாட்டரி நல்லாத்தாண்ணே இருக்கும். சின்னது செத்துப்போச்சு" என்றார்.

அத்தையைத் திண்ணையில் உட்காரவைத்துவிட்டுச் சரித்திரம் பேசுவது நியாயமா என்று வாசகர்கள் கேட்கலாம். ஆனால் அந்தச் 'சின்னது' யார், அது செத்தால் பெரியது ஏன் கைகட்டி நிற்கிறது என்று புரியவேண்டுமானால் கொஞ்சம் பின்னால் போகத்தான் வேண்டும்.

1800-இல் இத்தாலியில் வோல்ட்டா என்பவர் முதல் மின்கலத்தைச் செய்தார். அதற்கு ஒரு குறை. தீர்ந்தால் தீர்ந்ததுதான், மறுபடி நிரப்ப முடியாது. 1859-இல் பிரான்ஸ் தேசத்து காஸ்தோன் பிளாந்தே இரண்டு ஈயத் தகடுகளை எடுத்து, ஒன்றையொன்று தொடாதபடி நடுவில் ரப்பர் பட்டைகளை வைத்து, பாயைச் சுருட்டுவது போலச் சுருட்டிக் கந்தக அமிலத்தில் நிறுத்தினார். அதிலிருந்து மின்சாரத்தை எடுக்கலாம். தீர்ந்தபின் வெளியிலிருந்து மின்சாரத்தைச் செலுத்தினால் மறுபடியும் நிரம்பிக்கொள்ளும். கிணறு போல ஊறுகிற பாட்டரி! 1881-இல் காமீய் போர் என்ற இன்னொரு பிரெஞ்சுக்காரர் தகட்டில் ஈய ஆக்ஸைடைக் களிம்பாகப் பூசி, அதன் கொள்ளளவைப் பெருக்கினார். இன்று நம் வண்டிகளில் இருக்கும் கனத்த பெட்டி இந்த வம்சத்தைச் சேர்ந்ததுதான்.

இந்த ஈய பாட்டரிக்கு மோட்டார் உலகில் முதலில் கிடைத்தது ராஜ பதவி. 1900-ஆம் ஆண்டு வாக்கில் அமெரிக்காவில் பெட்ரோல் வண்டியைவிட நீராவி வண்டியும் மின்சார வண்டியும்தான் அதிகம். மின்சார வண்டியில் சத்தமில்லை, புகையில்லை, நாற்றமில்லை. ஆனால் கனம்! வியன்னாவில் லோனர் என்ற வண்டிக் கம்பெனியில் வேலை பார்த்த பெர்டினாண்ட் போர்ஷே என்ற இளைஞர், சக்கரத்துக்குள்ளேயே மோட்டாரை வைத்து ஒரு மின்சார வண்டி செய்தார். 1900-இல் பாரிஸ் பொருட்காட்சியில் அது வைக்கப்பட்டது. அதன் பாட்டரி மட்டும் 400 கிலோவுக்கு மேல். கல்யாண வீட்டுச் சாப்பாட்டையெல்லாம் தலையில் சுமந்துகொண்டு ஊர்வலம் போவது போல!

போர்ஷே யோசித்தார். சாப்பாட்டைச் சுமப்பானேன்? சமையற்காரனையே கூட அழைத்துக்கொண்டு போனால் என்ன? பாட்டரியைச் சின்னதாக்கினார். வண்டியிலேயே பெட்ரோல் என்ஜின்களை ஏற்றி, அவை ஓடி மின்சாரம் உண்டாக்கும்படி செய்தார். உலகத்தின் ஆதி ஹைப்ரிட் வண்டிகளில் அது ஒன்று. அதற்கு லத்தீன் மொழியில் 'செம்பர் வீவுஸ்' என்று பெயர் சூட்டினார். 'என்றும் உயிருள்ளது' என்று பொருள். பாட்டரி தீர்ந்து நடுவழியில் சாகாத வண்டி என்ற பெருமையில் வைத்த பெயர்.

பெயர் வாழ்ந்தது, வண்டி வாழவில்லை. விலை அதிகம், யந்திரம் சிக்கல். அதோடு எதிரியும் பலமாகிக்கொண்டிருந்தான். பெட்ரோல் வண்டியின் பெரிய குறை அதைக் கிளப்புவது. முன்னால் நின்று இரும்புக் கைப்பிடியைச் சுழற்றவேண்டும். என்ஜின் திடீரென்று திருப்பி உதைத்தால் மணிக்கட்டு முறியும், தாடை உடையும். அமெரிக்காவில் ஒஹாயோ மாகாணத்தில் டேட்டன் என்ற ஊரில் சார்லஸ் கெட்டரிங் என்ற என்ஜினீயர் இருந்தார். கடைகளில் பணம் வாங்கிப் போடும் கல்லாப் பெட்டி யந்திரத்துக்கு மின்சார மோட்டார் பொருத்தியவர் அவர். பெட்ரோல் என்ஜினைச் சுழற்ற அதே அளவு பெரிய மோட்டார் வேண்டாமா என்று மற்றவர்கள் கேட்டார்கள். கெட்டரிங் கல்லாப் பெட்டியில் ஒரு விஷயத்தைக் கற்றிருந்தார். நாள் முழுவதும் உழைக்கத்தான் பெரிய மோட்டார் வேண்டும். சில விநாடி தம் கட்டுவதற்குச் சின்ன மோட்டார் போதும். 1911-இல் அவர் சாதித்துக் காட்டிய ஸெல்ப் ஸ்டார்ட்டர் 1912-ஆம் ஆண்டு கேடில்லாக் வண்டிகளில் ஏறியது.

அந்த மோட்டாருக்குத் தம் கொடுத்தது எது? அதே ஈய பாட்டரிதான். ராஜாவாக இருந்தது, எதிரியின் வீட்டில் வாயிற்காப்போனாகச் சேர்ந்துவிட்டது. ஹென்றி போர்டு லட்சக்கணக்கில் பெட்ரோல் வண்டி செய்து விற்றபோது, அவருடைய மனைவி கிளாரா வேறு கம்பெனியின் மின்சார வண்டியைத்தான் ஓட்டினாள் என்பது வேடிக்கையான உண்மை. கைப்பிடி சுழற்றும் தொல்லை ஒழிந்ததும் அத்தகைய காரணங்களும் ஒழிந்தன. பெட்ரோல் வண்டியின் விலை இறங்கியது, சாலைகள் நீண்டன. மின்சார வண்டி மெல்ல மறைந்தது. அதைக் கொன்றவர்களில் அதனுடைய சொந்த பாட்டரியும் ஒருவன்!

பிறகு சுமார் 85 வருஷம் ஈய பாட்டரியின் உத்தியோகம் ஒன்றே. காலையில் என்ஜினை எழுப்புவது. இரவில் விளக்குக் காட்டுவது.

1997 டிசம்பரில் ஜப்பானில் டொயோட்டா கம்பெனி பிரியஸ் என்ற ஹைப்ரிட் காரை விற்பனைக்குக் கொண்டுவந்தது. அதை உருவாக்கிய குழுவின் தலைவர் தகேஷி உச்சியாமாதா. 1995 கடைசியில் செய்த முதல் மாதிரி வண்டி 49 நாள் இடத்தைவிட்டு அசையவில்லையாம். ஐம்பதாவது நாளில் அவர்களுக்கு எப்படி இருந்திருக்கும் என்று திண்ணையில் இருந்த என் அத்தைக்குத் தெரியும்.

பிரியஸ் வந்ததும் ஈய பாட்டரியின் வேலை போயிற்று. 2003-இல் வந்த இரண்டாவது பிரியஸை எடுத்துக்கொள்ளுங்கள். 1.2 வோல்ட் கலங்கள் 168 சேர்ந்து 201.6 வோல்ட் கொண்ட பெரிய பாட்டரி. என்ஜினை எழுப்பும் வேலையை அதுவே பலமான மோட்டார் மூலம் செய்துவிடுகிறது. ஆனாலும் பழைய 12 வோல்ட் ஆசாமியை யாரும் வீட்டுக்கு அனுப்பவில்லை. காரணம் இதுதான். இருநூறு வோல்ட் மனிதனைக் கொல்லும். ஆகையால் வண்டி நிற்கும்போது பெரிய பாட்டரியின் இணைப்பு துண்டிக்கப்பட்டிருக்கும். அதைச் சேர்க்கும் ரிலேக்களும், சேர்க்கலாம் என்று உத்தரவு போடும் கம்ப்யூட்டர்களும் இயங்குவது 12 வோல்ட்டில். பத்தாயம் நிறைய நெல் இருக்கிறது; சாவி பாட்டியின் இடுப்பில் இருக்கிறது. பாட்டி கண்ணை மூடினால் வீடே பட்டினி.

இதில் இன்னொரு ஆபத்தும் உண்டு. சாதாரண வண்டியில் பாட்டரி சாகப்போவதற்கு முன் எச்சரிக்கை கொடுக்கும். ஸ்டார்ட் செய்யும்போது முனகும், இழுக்கும், இருமும். ஹைப்ரிட்டில் அதற்குத் தம் கட்டும் வேலையே இல்லாததால் கடைசி நாள் வரை திடமாக இருப்பதாகவே தோன்றும். வண்டி வாரக்கணக்கில் நின்றால் பூட்டும் கம்ப்யூட்டரும் அதைத் துளித்துளியாக உறிஞ்சும். காலியாகவே கிடந்தால் தகடுகளில் ஈய ஸல்பேட் கெட்டிப்பட்டு, பிறகு நிரப்பினாலும் நிரம்பாது. 2020-இல் ஊரடங்கு வந்தபோது வாசலில் நின்ற எத்தனையோ வண்டிகளுக்கு இந்தக் கதிதான். 2016-இல் வந்த ஹூண்டாய் அயானிக் ஹைப்ரிட்டில் ஈய பாட்டரியை நீக்கிவிட்டு 12 வோல்ட்டுக்கும் லித்தியம் கலங்களையே வைத்தார்கள். அது தீர்ந்து போகுமுன் தானே கதவைச் சாத்திக்கொள்ளும். ஒரு பொத்தானை அமுக்கினால் மறுபடி விழிக்கும். பாட்டிக்கு மறுபடியும் கண் திறக்கும் வைத்தியம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அத்தானின் வண்டியில் அந்த வசதி இல்லை. சின்ன பாட்டரி இருந்ததோ பின்புற டிக்கியில். டிக்கியின் பூட்டோ மின்சாரப் பூட்டு!

"தள்ளிப் பார்க்கலாமா?" என்றேன்.

"இது தள்ளினா கிளம்புற வண்டி இல்லண்ணே" என்றார் ஆட்டோக்காரர். முன் மூடியைத் திறக்கச் சொன்னார். அங்கே ப்யூஸ் பெட்டிக்குள் சிவப்பு மூடி போட்ட ஒரு முனை இருந்தது. பாட்டரி பின்னால் இருக்கும் வண்டிகளில் இப்படி ஒரு வாசல் முன்னால் வைத்திருப்பார்களாம். தம் ஆட்டோவைப் பக்கத்தில் கொண்டுவந்து நிறுத்தி, இரண்டு வயர்களை எடுத்தார்.

"ஆட்டோ பாட்டரி இந்த வண்டியைக் கிளப்புமா?" என்று அத்தான் சிரித்தார்.

"நான் என்ஜினைக் கிளப்பப் போறதில்லண்ணே. கம்ப்யூட்டர் கண்ணு முழிச்சா போதும்."

அத்தான் அவசரத்தில் கறுப்பு வயரை எடுத்துச் சிவப்பு முனைக்குக் கொண்டுபோனார். ஆட்டோக்காரர் அவர் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். "மாத்திக் குடுத்தீங்கன்னா ஆட்டோ விலை செலவு வைக்கும்ணே." சிவப்பைச் சிவப்பு முனையிலும், கறுப்பைத் தள்ளி ஒரு வெறும் இரும்பு போல்ட்டிலும் அவரே மாட்டினார். பொத்தானை அமுக்கியதும் முகப்பு முழுவதும் தீபாவளி மாதிரி விளக்கு. 'ரெடி' என்ற எழுத்து வந்ததும் வயர்களைக் கழற்றினார். அதன் பிறகு பெரிய பாட்டரியே சின்னதற்குப் பால் கொடுக்கும். வழியில் அணைத்துவிடாதீர்கள் என்றார். பணம் கொடுத்தால் வாங்கவில்லை. "பெரியம்மா கண்ணு நல்லாகட்டும்" என்று மட்டும் சொன்னார்.

ஆறு மணிக்கு ஐந்து நிமிஷம் இருக்கும்போது ஆஸ்பத்திரி வாசலில் இறங்கினோம். ஆபரேஷன் நன்றாக நடந்தது. அன்று மாலையே அத்தான் புதிய பாட்டரி வாங்கினார். கிடைத்ததை வாங்காமல், டிக்கிக்குள் வைப்பதற்கென்றே வாயு வெளியேறும் குழாயோடு மூடி வரும் ரகமாகப் பார்த்து வாங்கினார். ஈய பாட்டரி நிரம்பும்போது ஹைட்ரஜன் வாயு விடும் என்று அவருக்குப் புதிதாகத் தெரிந்திருந்தது. இப்போதெல்லாம் அவர் இருநூறு வோல்ட்டைப் பற்றிப் பேசுவதில்லை.

மறுநாள் கட்டுப் பிரித்தபின் அத்தையைக் காரில் வீட்டுக்கு அழைத்து வந்தோம். தெருமுனை திரும்பும்போது அவள் கறுப்புக் கண்ணாடி வழியே ஸ்டாண்டை உற்றுப் பார்த்தாள். இத்தனை வருஷமாக மங்கலாகத் தெரிந்த தெரு அன்று அவளுக்குத் துலக்கமாகத் தெரிந்திருக்கவேண்டும்.

"அந்த மஞ்சள் ஆட்டோதானே நம்ம வண்டிக்கு உயிர் கொடுத்தது?" என்று கேட்டாள்.

"ஆமாம்மா" என்றார் அத்தான்.

"அவ்வளவு நேரம் எதுக்குடா மல்லுக்கட்டினீங்க? அதுலயே ஏறிப் போயிருக்கலாமே!"

அத்தான் என்னைப் பார்த்தார். நான் வெளியே பார்த்தேன். என்றும் உயிருள்ள வண்டி சத்தமே இல்லாமல் வீட்டு வாசலில் போய் நின்றது.